இரண்டு சுற்று முறுக்கிய வில்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நீங்கள் பௌதிகம் படிப்பிச்சனீங்கள், நீங்களே சொல்லுங்கோ. அம்பு வேகமாப் போகவும் வேணும், என்ர கைப் பிழையை வில்லு பொறுக்கவும் வேணும். அப்பிடி ஒண்டு இருக்கா?" அந்த நேரம் பார்த்து மீன்காரன் எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கூவிக்கொண்டிருந்தான். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். உண்மையில் எனக்கு எல்லாம் கேட்டது. நீ கேள்வியோடு நிறுத்தியிருந்தால் அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு நீ சொன்ன ஒரு வசனம்தான் என் வாயை அடைத்தது.

முதலில் அந்த மானின் கதையைச் சொன்னாய். மரத்தில் கட்டிய பரணில் விடியலிலிருந்து காத்திருந்தது, முப்பது யார் தூரத்தில் அது வந்து நின்றது, நீ வில்லைத் தூக்கி இழுத்தது, அம்பு நெஞ்சில் படாமல் பின்னுக்குத் தள்ளி வயிற்றில் பட்டது. இலைகளில் இரத்தத்தோடு பச்சையாக எதுவோ கலந்து கிடந்ததைப் பார்த்ததும் உனக்கு விளங்கிவிட்டது என்றாய். பொழுதுபடும் வரை தேடியும் கிடைக்கவில்லை. அடுத்த நாள் காலையில் நீயும் உன் நண்பனும் அதைக் கண்டபோது நரிகள் தின்று முடித்துப் போயிருந்தன. சுற்றிவரப் புல் உழக்கப்பட்டிருந்த விதத்தைப் பார்த்தால், அது உயிரோடு இருக்கும்போதே அவை தொடங்கியிருக்க வேண்டும் என்று நண்பன் சொன்னான். இதையெல்லாம் ஒரு அறிக்கை வாசிப்பதுபோல் சொல்லிவிட்டு நீ சொன்னாய்: "அண்டைக்கும் என்ர கைதான், இண்டைக்கும் என்ர கைதான். கையைத் திருத்தேலாது. வில்லையாவது மாத்துவம்." வருகிற சனிக்கிழமை கடைக்குப் போய், அங்கே இருப்பவற்றில் மிக வேகமான வில்லை வாங்கப் போவதாகவும் சொன்னாய்.

சனிக்கிழமைக்கு முன் இது உன் கையில் கிடைக்க வேண்டும். அதனால் எழுதி முடித்ததும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவேன். உன் கையில் பிழை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நீ ஒரு வில்லைத் தெரிவு செய்தால் பிழையான வில்லைத்தான் தெரிவு செய்வாய். அடுத்த மானும் வயிற்றில் அம்போடு ஓடும். அந்த நம்பிக்கையை உனக்குள் வைத்தவன் நான். அதை எப்படி வைத்தேன் என்று சொல்லாமல் வில்லைப் பற்றி மட்டும் எழுத முயன்றேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. முப்பத்தொரு வருஷம் படிப்பித்த பழக்கத்தில், இலகுவான பகுதியிலிருந்து தொடங்குகிறேன். கடினமான பகுதிக்கு வராமல் விடமாட்டேன்.

கடைக்காரன் ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு எண் சொல்லுவான், ஒரு செக்கனுக்கு இத்தனை அடி என்று. அந்த எண்ணை நம்பாதே. பொய்யான எண் இல்லை, ஆனால் அது உனக்குரியதும் இல்லை. முப்பது அங்குலம் இழுக்கிற நீண்ட கையுள்ள ஒருவர், எழுபது இறாத்தல் பலத்தில், மெல்லிய அம்பை விட்டால் வருகிற எண் அது. இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தாலும், அம்பு கொஞ்சம் பாரமானாலும் வேகம் இறங்கிவிடும். எங்கள் ஆட்களுக்கு எண்ணைக் கண்டால் கண் தெரியாது. எந்தப் பாடத்தில் பிள்ளைக்கு விருப்பம் என்று கேட்காமல் எந்தப் பிரிவுக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கூட என்று கேட்டுச் சேர்த்துவிடுகிற பெற்றோரை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்தான். நீ உயிரியல் கேட்டாய், நான் கணிதத்தில் சேர்த்தேன்.

அடுத்தது, வேகமான வில் ஏன் பிழை பொறுக்காது என்பது. நாண் ஓய்வாக இருக்கும்போது வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார். வேகமான வில்களில் அது ஆறு அங்குலம், அதற்கும் குறைவு. அப்படியென்றால் நாண் அம்பைக் கூடுதலான தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. வேகம் அங்கேதான் பிறக்கிறது. ஆனால் அவ்வளவு தூரமும் அம்பு நாணிலேயே இருக்கிறது. அந்த நேரத்துக்குள் உன் கை அசைந்தால் அந்த அசைவையும் அம்பு எடுத்துக்கொண்டு போகும். பாடசாலைப் பேருந்திலிருந்து இறங்குகிற பிள்ளையை நினைத்துக்கொள். தரிப்பிடம் வந்ததும் இறங்கினால் நேராக வீட்டுக்குப் போவான். இன்னும் இரண்டு தரிப்பிடம் சண்டைக்காரப் பையன்களோடு இருந்துவிட்டு இறங்கினால் சட்டை கிழிந்துதான் வருவான். கைப்பிடியிலிருந்து நாண் ஏழு அங்குலம் அல்லது அதற்கு மேல் தள்ளி நிற்கிற வில்லில் அம்பு சீக்கிரம் இறங்கிவிடுகிறது. வில்லின் நீளமும் அப்படித்தான். வில்லின் இரு நுனியிலும் உள்ள சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே முப்பத்துமூன்று அங்குலமாவது இருந்தால் கையில் ஆடாமல் நிற்கும். பரணில் இருக்கக் குட்டையான வில் வசதி என்று சொல்லுவார்கள். நீ இலக்குப் பலகைக்கும் எய்கிறாய், மானுக்கும் எய்கிறாய், நீளமானதையே எடு.

வேகம் வேண்டும் என்று நீ நினைப்பதற்குக் காரணம், மான் அசைவதற்குள் அம்பு போய்ச் சேர வேண்டும் என்பது. அது நடக்காது. நாண் விடுபடுகிற சத்தம் அம்பைவிட மூன்று, நான்கு மடங்கு வேகத்தில் போகிறது. நீ எந்த வில்லை வாங்கினாலும் மானுக்குச் சத்தம் முதலில் கேட்கும், அம்பு பிறகுதான் வரும். கேட்டதும் அது பதுங்கும். ஆகவே சத்தம் குறைந்த வில்லும் கொஞ்சம் பாரமான அம்பும் உனக்கு வேகத்தைவிட உதவும். கிட்ட வரும்வரை பொறுத்திருப்பது எல்லாவற்றையும்விட உதவும்.

இனி இழுப்பு நீளம். இங்கே வரும்போதுதான் என் பேனை நின்றுவிடுகிறது.

உன் முதல் வில்லை நான் கொம்பனித்தெருவில், நாட்டைவிட்டுப் போகிற ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கினேன். பாடசாலையில் வில்வித்தைக் கழகத்துக்குப் பொறுப்பாசிரியராக என்னைப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. உனக்குப் பதினாறு வயது. அந்த மனிதர் நல்லவர். பெட்டியை மூடுமுன் உன் கை விரிப்பு எவ்வளவு என்று கேட்டார். இந்த வில் முப்பது அங்குல இழுப்பு, பையன் குட்டை என்றால் சக்கரத்தின் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும், ஊருக்குப் போனதும் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். வளருவான் என்றேன். உன் வெள்ளைக் காற்சட்டையை இடுப்பில் மடித்துத் தைத்து வாங்கினோம், சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்து அனுப்பினோம். வெள்ளவத்தையில் எந்தக் கடையில் எந்தத் தகப்பன் பிள்ளைக்கு அளவான சட்டை வாங்கியிருக்கிறான்? வில்லையும் நான் அப்படியே வாங்கினேன். உனக்கு இருபத்தெட்டு அங்குலம்தான் தேவை.

ஓட்டோவில் அதைக் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த வருஷங்களில் ஒரு தமிழ் வாத்தியார் வில்லோடு கொழும்பு வீதியில் போவது சின்ன விஷயம் இல்லை. படுக்கை விரிப்பால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். காவலரணில் இருந்த இளம் சிப்பாய் துணியை விலக்கி, சக்கரங்களையும் கம்பிகளையும் தொட்டுப் பார்த்து, "மேக்க மொகத்த, சேர்?" என்று, இது என்ன என்று கேட்டான். தையல் மெசின் சாமான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் உன்னைப் பார்த்தான். "மல்லி தைப்பாரா?" என்று, தம்பிக்கு அவர்களுடைய சொல்லைப் போட்டு அரைத் தமிழில் கேட்டுச் சிரித்தான். வீட்டுக்கு வரும் வரை நானும் நீயும் சிரித்துக்கொண்டே வந்தோம். நாம் இருவரும் சேர்ந்து சிரித்தவற்றில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அதுதான். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். இனி வருவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

இரண்டு அங்குலம் நீளமான வில்லைப் பிடிக்க நீ உடம்பைப் பின்னுக்குச் சரித்தாய். நாண் உதட்டோரத்தில் நிற்காமல் காதுக்குப் பின்னால் போனது. முழங்கையை நேராக நீட்டிப் பூட்டினாய். விடும்போதெல்லாம் நாண் முன்கையில் அடித்தது. அம்மா ஒவ்வொரு பின்னேரமும் உன் கைக்கு எண்ணெய் பூசினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையின்ர கை நீலமாக் கிடக்கு. அந்த ஆள் சொன்ன சாமானை எழுதி எடுப்பியுங்கோவன்" என்று அவள் இரண்டு மூன்று தரம் சொன்னாள். ஒரு வருஷத்தில் சரியாகிவிடும் என்றேன். ஒரு வருஷத்தில் நீ வளரவில்லை. அடிக்குப் பழகிக்கொண்டாய். அதை நான் முன்னேற்றம் என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பிறகு, அணிக்கு ஆள் எடுக்கிற அந்தத் தெரிவுப் போட்டி. எங்கள் மைதானத்திலேயே, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. இலக்கு ஐம்பது மீற்றரில். அதற்குப் பின்னால் மதில், மதிலுக்கு அப்பால் வாய்க்கால் கரை. அதற்கு முந்திய கிழமைப் பயிற்சியில் உன் அம்புகள் ஐம்பது மீற்றரை எட்டும்போது தாழ்ந்துகொண்டிருந்தன. குறிபார்க்கும் கருவியை அதன் கடைசி அடையாளம் வரை இறக்கியும் போதவில்லை. வில்லுக்குப் பலம் போதாது. நான் வெள்ளிக்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருந்து ஒரு தாளில் கணக்குப் பார்த்தேன். வில்லின் வளைகிற இரண்டு கிளைகளையும் பிடித்திருக்கிற திருகாணிகள் இரண்டையும் இரண்டு சுற்று உள்ளே முறுக்கினால் ஐந்து இறாத்தல் கூடும், அம்பு நேராகப் போகும், குறிகருவியை இத்தனை மில்லிமீற்றர் உயர்த்தினால் சரி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. இன்றைக்குப் பார்த்தாலும் சரியாகத்தான் வரும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு, நீ உடுப்பு மாற்றப் போயிருந்தபோது, உபகரண அறைக்கு முன்னால் நின்று அலன் கீ என்கிற ஆறுமூலைச் சாவியால் அந்த இரண்டு சுற்றையும் முறுக்கினேன். குறிகருவியையும் உயர்த்தினேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நினைப்பிலேயே பாரமாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மைதானக் காவலாளி சோமபால கோடு போடச் சுண்ணாம்பு வாளியோடு வந்தவர், நின்று பார்த்துவிட்டுப் போனார்.

வருஷம் பதினாறு ஆகிவிட்டது. உன் கைக்கு ஒரு பிழையும் இருக்கவில்லை. வில்லை மாற்றியவன் நான். இந்த ஒரு வசனத்தை எழுதத்தான் இவ்வளவு தாள்.

நீ கோட்டில் நின்று முதல் அம்பைப் பூட்டினாய். பாதி இழுத்தாய், முடியவில்லை, மெல்ல இறக்கினாய். திரும்பி என்னைப் பார்த்தாய். "அப்பா, இண்டைக்கு இது பாரமா இருக்கு" என்றாய். எனக்குப் பக்கத்தில் தெரிவாளர்கள் மூன்று பேர் கதிரையில் இருந்தார்கள், வேறு பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில்கூட நான் நடந்துவந்து திருகாணியைத் தளர்த்தியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. நான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "வில்லு பாரமில்லை. உனக்குத்தான் பயம். இழு."

பிள்ளைகள் சிரித்தார்கள். உன் காது சிவந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நேராக இழுக்கப் பலம் காணாததால் நீ வில்லை நெற்றிக்கு மேலே தூக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுக் கீழே இறக்கி இழுக்கப் பார்த்தாய். நாணைப் பிடித்து விடுவிக்க மணிக்கட்டில் கட்டியிருந்த விசையில் உன் விரல் முட்டியது. வில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பு போய்விட்டது. இலக்குக்கு மேலாக, மதிலுக்கு மேலாக. பிறகு அந்தச் சத்தம். நாயின் சத்தம் என்று ஒருவருக்கும் முதலில் விளங்கவில்லை.

தெரிவாளர்களில் மூத்தவர் எழுந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னது உனக்கும் கேட்டது. பெடியன் கவலையீனம், கை நடுங்கிப்போச்சு என்றேன். அன்று பின்னேரம் அதிபரிடம் எழுத்திலும் அதையே கொடுத்தேன். உன்னைக் கழகத்திலிருந்து நிறுத்தும்படி சிபாரிசு செய்ததும் நான்தான். நியாயமான ஆசிரியன், சொந்தப் பிள்ளை என்றும் பார்க்கவில்லை என்று ஆசிரியர் அறையில் என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மா உன்னை விடவில்லை. நாய் வைரவருடைய வாகனம், பெரிய பாவம் என்று அழுதாள். எட்டு வெள்ளிக்கிழமை உன்னைப் பட்டினி போட்டு, உன் கையாலேயே உளுந்து அரைக்க வைத்து, வடைமாலை கட்டிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எட்டு வெள்ளியும் நானும் வந்தேன். வைரவர் சந்நிதிக்கு முன்னால் நீ தோப்புக்கரணம் போட்டபோது உனக்குப் பக்கத்தில் வேட்டியோடு கைகூப்பி நின்றேன். அம்மா உனக்காகத்தான் அழுதாள். நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எட்டாவது கிழமையோடு இது முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

நான் முடியவும் விடவில்லை. அந்தத் தவணைப் பரீட்சைக்கு உங்கள் வகுப்புக்குப் பௌதிக வினாத்தாள் தயாரித்தது நான். நடந்த விஷயத்தை உதாரணமாக எடுத்தால் பிள்ளைகளுக்கு மறக்காது என்பது என் கொள்கை. உனக்குத் தெரியும், எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரு உதாரணம் வேண்டும். நான்காம் வினா இப்படித் தொடங்கியது: கவனமற்ற மாணவன் ஒருவன் செக்கனுக்கு அறுபது மீற்றர் வேகத்தில் கிடையுடன் பத்துப் பாகையில் விடுத்த அம்பு, எண்பது மீற்றர் தூரத்தில் உள்ள மூன்று மீற்றர் உயர மதிலைத் தாண்டுமா எனக் காண்க. தாண்டுமெனில், அம்பு நிலத்தை அடையும் இடத்தைக் காண்க. முப்பத்தாறு பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதினார்கள். சிலர் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேசைக்கும் யன்னலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன்.

நீ அந்த வினாவை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். முழுதாகச் செய்திருந்தாய். வகுப்பிலேயே துப்புரவான விடை அது. படம், சமன்பாடு, இறுதி விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. அதற்கும் கீழே பென்சிலால் சின்ன எழுத்தில் ஒரு வரி: "நாய்க்கு எவ்வளவு நேரம் எடுத்தது?" நான் சிவப்பு மையால் அந்த வரியை வெட்டி, வினாவுக்குப் புறம்பானது என்று எழுதினேன். முழுப் புள்ளியும் போட்டேன். அடுத்த நாள் உன் விடையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன், பென்சில் வரியை மட்டும் விட்டுவிட்டு.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். மூன்று மணித்தியாலமும் கொஞ்சமும். அது சோமபால சோறு வைத்து வளர்த்த வெள்ளைப் பெட்டை நாய். சுது என்று கூப்பிடுவார். அம்பு வயிற்றில் ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் வெளியே தெரிந்தது. வாய்க்கால் கரையில் மதகுக்குள் புகுந்து படுத்துவிட்டது. போட்டியை நிறுத்தவில்லை, நான் பொறுப்பாசிரியர், இடைவேளையில்தான் போய்ப் பார்த்தேன். மிருக வைத்தியரைக் கூட்டிவரலாம், ஓட்டோவில் கால் மணித்தியாலம் என்று சோமபால சிங்களத்தில் கெஞ்சினார். வைத்தியர் வந்தால் அம்பு எப்படி வந்தது, யாருடைய வில், எத்தனை இறாத்தல் என்று கேட்பார் என்று நான் பயந்தேன். பொறுங்கள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றேன். அது அடங்கவில்லை. அம்பின் முனை சீமெந்தில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சோமபால தன் சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அது நாக்கை நீட்டியது, குடிக்க முடியவில்லை. என்னைப் பார்த்து, "பவ், சேர்" என்றார். பாவம் என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் அவரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு மதகுக்குள் இறங்கினார். வெளியே வந்து கையைக் கழுவிவிட்டு, காலையில் நான் முறுக்கியதைக் கண்டதாகச் சொன்னார். அதிபரிடம் தான் சொல்லப்போவதில்லை, அது சேர் சொல்ல வேண்டியது என்றார். அம்பை இழுத்தெடுத்துத் துடைத்து, உபகரண அறையில் மற்ற அம்புகளோடு வைத்தேன். திருகாணிகளை இரண்டு சுற்றுத் திருப்பித் தளர்த்திவிட்டேன். திங்கட்கிழமை நீ அந்த வில்லை ஒருதரம் எடுத்துப் பார்த்தாய். பாரமாக இருக்கவில்லை. அதோடு, பயம்தான் பாரம் என்று நீ முடிவு செய்துவிட்டாய்.

நான் கொடுத்த அந்த முடிவோடுதான் நீ கனடாவுக்குப் போனாய். போன மாதம் நீ அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முப்பத்துமூன்று வயதில், ஆறு வருஷமாக எய்கிற நீ, இப்போதும் வில்லை நெற்றிக்கு மேலே தூக்கித்தான் இழுக்கிறாய். இப்போதும் பின்னுக்குச் சரிகிறாய். நாண் காதுக்குப் பின்னால்தான் நிற்கிறது. இப்போதுள்ள வில்லை வாங்கும்போது, கடையில் கேட்டதற்கு உன் இழுப்பு முப்பது என்று நீயே சொல்லி எடுத்ததாகச் சொன்னாய். முப்பது உன் அளவு இல்லை தம்பி. கொம்பனித்தெருவில் நான் வாங்கிய வில்லின் அளவு அது. பரணில் அவ்வளவு உயரத்துக்குக் கையைத் தூக்கினால் எந்த மானும் காணும், அசையும். சரிந்து நின்று விட்டால் எந்த அம்பும் தள்ளித்தான் போகும். அந்த மானின் வயிற்றில் நீ கண்டதில் என் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க எனக்கு இப்போது தாள் வேண்டியதில்லை.

நேற்று இதுவரைக்கும் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உனக்கு முன் அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று பட்டது. அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முடியும்வரை கத்தியைக் கீழே வைக்கவில்லை. பிறகு, "நான் அவனைத்தானே ஏசினனான்" என்றாள். நறுக்கியதைச் சட்டிக்குள் தள்ளிவிட்டு, "எட்டு வெள்ளி. நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இன்று காலை தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் கதைக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பந்தி எழுதினேன். பிறகு அந்தப் பந்தியை வெட்டிவிட்டேன். அதைக் கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிவரும். நல்ல பிள்ளை, பரவாயில்லை அப்பா என்று சொல்லிவிடுவாய். நீ அப்படிச் சொல்வதை எனக்குக் கேட்க வேண்டாம்.

ஆகவே வில்லுக்கு வருகிறேன். கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே ஏழு அங்குலம். அச்சுக்கு அச்சு முப்பத்துமூன்று அல்லது அதற்கு மேல். முழுதாக இழுத்த பிறகு கையை முன்னுக்குப் பறிக்காமல் அமைதியாக நிற்கிற சக்கரம். சுவரோடு சாய்ந்து இரண்டு கையையும் விரித்து நில். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நடுவிரல் நுனி வரை வேறு யாராவது அங்குலத்தில் அளக்கட்டும். அதை இரண்டரையால் பிரி. வருகிற எண்ணுக்கு மேல் கால் அங்குலமும் கூட்டாதே. நீ இனி வளரமாட்டாய். இப்படி ஒரு வில் கடையிலேயே வேகமானதாக இராது, ஆனால் உனக்குத் தேவையான வேகம் அதில் இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்கு விடை அதுதான். எத்தனை இறாத்தல் என்று மட்டும் நான் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லுகிற உரிமை எனக்கு இல்லை.

சனிக்கிழமை கடையில் இதை மட்டும் செய்து பார். ஒரு கதிரையில் இரு. கால் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கிக்கொள். இலக்கைப் பார்த்தபடி அம்பைப் பூட்டி, விரலை விசையில் வைக்காமல், வில்லை நெஞ்சுக்கு நேரே பிடித்து மெதுவாக இழு. கை கண்ணுக்கு மேலே எழும்பினால் இறக்கிவிடு. அலன் கீயை நீயே கேட்டு வாங்கு, வேறு ஒருவரிடமும் கொடுக்காதே. இரண்டு திருகாணியையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடியும் இழு. பாரமாக இருந்தால், பாரமாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்து.

அப்பா